இருபத்தேழாவது பொட்டலம்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலத்தில் ஒருமுறை அது போலீஸ் காகிதத்தில் ஏறி அவர் பட்ட பாடு போதும். தோட்டத்தில் எல்லோரும் அவரை ஆசிட்காரர் என்பார்கள். மரங்களிலிருந்து வந்து சேரும் ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் அளந்து கலப்பது ஸ்டோரில் அவருடைய வேலை. நான் தோட்டத்து டிரஸ்ஸரின் மகன். மருந்துக்கொட்டகையும் அதில் இருந்த பாட்டில்களும் என் அப்பாவின் பொறுப்பு. அந்த உத்தியோகத்துக்கு உள்ள மரியாதையில், என்னைவிட ஏழு வயது மூத்தவராக இருந்தும் அவர் என்னை "தம்பி, நீங்க" என்றுதான் பேசுவார். நான் அவரை அண்ணே என்பேன்.

சோதித்துப் பார்க்காத எதையும் அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. மழை வருமா அண்ணே என்று கேட்டால், "வானம் கறுத்திருக்கு. அது வரைக்கும்தான் தெரியும்" என்பார். பால் உறைந்துவிட்டதா என்று ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி தூரத்திலிருந்து கேட்டால், பத்து நிமிடத்துக்கு முன் பார்த்திருந்தாலும் மறுபடி போய் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். ஒரு பெண் வீட்டார் அவரைப் பார்க்க வந்தபோது, குடிக்கிற பழக்கம் உண்டா என்று பெண்ணின் தகப்பனார் கேட்டார். "இது வரைக்கும் இல்லீங்க" என்று இவர் சொன்னார். வந்தவர்கள் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். அவர் அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. "நாளைக்கு என்னா நடக்கும்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்று என்னிடம் நியாயம் கேட்டார். உண்மையில் அவர் கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர்.

ஆள் ஒல்லி. சட்டைக் கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பித்தான் போட்டிருப்பார். விரல் நுனிகளில் ஆசிட் பட்டுப் பட்டுத் தோல் உரிந்து, மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். பென்சில் பிடிக்கும்போது வலிக்கும்போல. துணி சுற்றிய பென்சிலால்தான் எழுதுவார். காகிதம் என்று தனியாக வாங்கிப் பார்த்ததில்லை. ஸ்டோரில் கழித்துப் போட்ட தாள்களின் பின்பக்கம் அவருக்குப் போதும்.

படிப்பு அவருக்கு நடுவழியில் நின்றுபோனது. மலாக்கா டவுனில் ஆங்கிலப் பள்ளியில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தபோது ஜப்பான்காரன் வந்தான். அவர் அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள்; திரும்பவில்லை. சண்டை முடிந்தபோது பள்ளியில் சேர வயது தாண்டியிருந்தது. ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியாகப் படித்து, பள்ளியிறுதித் தேர்வான சீனியர் கேம்பிரிட்ஜில் இரண்டாவது முறை தேறினார். நானும் அதே ஆண்டு பள்ளியிலிருந்து நேராக எழுதித் தேறினேன். எனக்குப் பத்தொன்பது வயது, அவருக்கு இருபத்தாறு.

டவுனில் ரப்பரின் தரம் பார்க்கும் சோதனைச்சாலை ஒன்றுக்குப் பயிற்சியாள் எடுக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னதே அவர்தான். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டோர் ஆபீசில் பழைய பேப்பரில் அந்த விளம்பரத்தைப் பார்த்து, கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நேராக எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். நுழைவுத் தேர்வில் ரசாயனம்தான் பெரிய தாள். இடம் ஒன்றே ஒன்று. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் அந்தத் துண்டை மென்று விழுங்கியிருப்பேன்.

"ரெண்டு பேரும் எழுதுவோம் தம்பி. யாருக்குக் கெடைச்சாலும் நம்ம தோட்டத்து ஆளுதானே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் மருந்துக்கொட்டகையின் பின்னறையில் உட்கார்ந்து படித்தோம். என் பள்ளி ஆசிரியர் ஒருவர் பழைய கேள்வித்தாள்களைக் கொடுத்திருந்தார். அதில் இரண்டு வகைக் கேள்வி எங்களுக்குத் தலைவலி. ஒன்று, அணுவைப் பிளந்தால் எவ்வளவு சக்தி வரும் என்ற கணக்கு. மற்றது, இன்னின்ன செய்தால் இன்னின்ன நடக்கிற பொருள் எது என்று கண்டுபிடிப்பது.

அணுக் கணக்கு எனக்குச் சூத்திரம்தான். பிளப்பதற்கு முன் இருந்த எடையிலிருந்து பிளந்த பின் இருக்கும் எடையைக் கழி. குறைந்ததை ஒளியின் வேகத்தால் இரண்டு முறை பெருக்கு. ஆனால் அவர் விடை வந்த பிறகும் பென்சிலைக் கீழே வைக்க மாட்டார். ஒரு கிராம் பொருள் முழுக்கச் சக்தியாக மாறினால் எவ்வளவு என்று ஒரு கேள்வி இருந்தது. ஒன்பது போட்டு இருபது சைபர், எர்க் கணக்கில். நான் எழுதி முடித்து நீட்டினேன். அவர் அரைமணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கி, நம்ம ஸ்டோர் எஞ்சின் இருபது குதிரைச் சக்தி, அது ராத்திரி பகல் நிற்காமல் நூற்றுத் தொண்ணூறு வருஷம் ஓடும் என்றார். ஒரு கிராம் என்றால் இரண்டு மூன்று சிட்டிகை உப்பு. அப்படி ஊரை அழித்த குண்டால்தான் ஜப்பான்காரன் போனான் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. எடை குறைந்தால் முதலில் நம் கழித்தலில் தப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கழித்தல் சரி என்றால்தான் அணுவின் மேல் பழி போட வேண்டும் என்று மட்டும் சொன்னார். அன்று நான் சிரித்தேன்.

பொருளைக் கண்டுபிடிக்கும் கேள்விக்கு அவர் வழி வேறு. முதலில் அது என்னவாக இருக்கலாம் என்பதை எல்லாம் வரிசையாக எழுதுவார். பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் எது இல்லை என்று அடித்துக்கொண்டே வருவார். கடைசியில் ஒரு பெயர் மிஞ்சினாலும் உடனே விடை என்று எழுத மாட்டார். அதற்கும் ஒரு சோதனை செய்து உறுதியானால்தான் அடிக்கோடு. எனக்கு முதல் வரி படித்ததுமே ஒரு பெயர் தோன்றும். மீதி வரிகளை அதற்கு ஏற்ற மாதிரி வளைத்துப் படிப்பேன். பாதி சரியாக இருக்கும்.

இதற்குப் பழக்கம் வேண்டும் என்று ஒரு விளையாட்டு ஆரம்பித்தோம். வாரம் இரண்டு மூன்று பொட்டலம் நான் அவருக்குக் கட்டிக் கொடுக்க வேண்டும், அவர் எனக்கு. உள்ளே ஏதாவது ஒரு தூள். மேலே எண் மட்டும். நான் மருந்துக்கொட்டகையிலிருந்து பேதி உப்பு, போரிக் பவுடர், படிகாரம், சுண்ணாம்புக் கட்டித் தூள், சலவைச் சோடா என்று எடுப்பேன். அவர் தன்னுடையதை ஸ்டோருக்குக் கொண்டுபோய், ஸ்பிரிட் விளக்கும் ஆசிட்டும் இருக்கிற மூலையில், சாப்பாட்டு நேரத்தில் சோதிப்பார். மாலையில் தாளைக் கொண்டுவந்து காட்டுவார். அடித்த பெயர்கள் பத்து இருக்கும், அடிக்கோடு போட்டது ஒன்று இருக்கும். எப்போதும் அதுதான் சரியாக இருக்கும்.

இதில் ஒரு சிக்கல், ஸ்டோர் கம்பிவேலிக்கு வெளியே இருந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் உப்பும் மருந்தும் போய்ச் சேரக்கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகிற ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். வாசலில் இருந்த மலாய்க் காவலர் நல்ல மனிதர். இவருடைய பொட்டலங்களைப் பிரித்து, சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்பும் இல்லை சர்க்கரையும் இல்லை என்றால் போகச் சொல்லிவிடுவார். ஒருநாள் படிகாரத்தைத் தொட்டு வைத்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு அரைமணி நேரம் துப்பிக்கொண்டிருந்தார். அதற்காகவே நச்சுப் பொருள் எதையும் பொட்டலத்தில் வைப்பதில்லை என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

தோட்டத்தில் அவரைக் கேலி செய்தவர்கள் பலர். கிணற்றுச் சம்பவத்துக்குப் பிறகு கொஞ்சம் அடங்கினார்கள். ஒரு காலையில் லயத்துக் கிணற்றுத் தண்ணீர் துவர்க்கிறது என்று ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மனைவி சொன்னார். காட்டிலிருந்து வந்து விஷம் கலந்துவிட்டார்கள் என்று மதியத்துக்குள் கதை பரவியது. யாரும் தண்ணீர் எடுக்கவில்லை. பிள்ளைகள் தாகத்தில் அழுதன. இவரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்னார்கள். இவர் தண்ணீரை எடுத்துப் போய் உட்கார்ந்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. காலிக் குடங்களோடு பெண்கள் சுற்றி நின்று திட்டினார்கள். விஷமா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்று மண்டோர் அதட்டினார்.

"நான் தேடுன மூணு விஷமும் இதுல இல்ல. தேடாதது எனக்குத் தெரியாது" என்றார் இவர்.

மண்டோர் அடிக்கவே போய்விட்டார். அதற்குள் இவர் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றினார். தண்ணீரில் வெள்ளையாக, கூழ்போல் ஒன்று திரண்டது. படிகாரம். கலங்கல் தெளியட்டும் என்று தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டக்டர் ஒரு பெரிய கட்டியைக் கிணற்றில் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் போயிருந்தார். அது தெரிந்த பிறகும் இவர் முதலில் தான் ஒரு செம்பு குடித்துவிட்டுத்தான் மற்றவர்களைக் குடிக்கவிட்டார்.

நான் அவரை நேசித்தேன் என்று இப்போது எழுதினால் நம்புவீர்களா தெரியவில்லை. நேசித்தேன். கூடவே பொறாமையும் இருந்தது. தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் இருபத்தாறு பொட்டலங்களில் இருபத்தாறையும் கண்டுபிடித்திருந்தார். நான் பதினான்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர் போன பிறகு, அப்பா கையைக் கழுவிக்கொண்டே, "ஸ்டோர் ஆளுக்குத்தான் கெடைக்கும்போல" என்றார். அண்ணன் ஒரு தடவையாவது தப்பாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தெரியவில்லை என்று தாளை வெறுமையாகக் கொண்டுவர வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அப்பாவின் பூட்டிய அலமாரியில் சல்ஃபா பவுடர் இருந்தது. காயத்தில் தூவினால் சீழ் பிடிக்காது. தீயில் காட்டினால் நிறம் வராது, குளிர்ந்த தண்ணீரில் எளிதில் கரையாது, எங்கள் புத்தகத்து அட்டவணை எதிலும் அகப்படாது. சாவி ஆணியில் தொங்கும் இடம் எனக்குத் தெரியும். இரண்டு கரண்டி எடுத்துப் பொட்டலம் கட்டி, ஊதாப் பென்சிலால் இருபத்தேழு என்று எழுதினேன். கம்பிவேலிக்கு வெளியே போகக்கூடாத பொருட்களில் அரிசியைவிட அது பெரியது. காட்டில் குண்டடி பட்டவர்களுக்கு அதுதான் உயிர். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தெரியும். வாசலில் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்ற நினைப்பு. அன்று மாலையே அவர் வீட்டு வாசலில் வைத்துக் கொடுத்தேன். இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் டவுனுக்குப் போகிற லாரிக்காக நானும் வாசலில் நின்றேன். ஸ்டோர் ஆட்கள் வரிசையில் அவர் எனக்கு நாலைந்து பேர் முன்னால் நின்றார். அன்றைக்கென்று ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி வந்திருந்தார். மலாய்க் காவலர் பொட்டலத்தைப் பிரித்து வழக்கம்போல் விரலை நீட்டினார். அதிகாரி கையைத் தட்டிவிட்டுப் பொட்டலத்தை வாங்கினார். விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். சண்டையில் ஒவ்வொரு சிப்பாயின் பையிலும் இருந்த தூள் அது. அவருக்கு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. சல்ஃபா என்றார்.

அந்த ஒரு சொல்லில் அண்ணனுக்கு முழு விடையும் கிடைத்துவிட்டது. தூள் என்ன, அது எந்த அலமாரியில் இருந்து வந்தது, உண்மையைச் சொன்னால் யார் யார் உள்ளே போவார்கள் என்பது உட்பட. திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். கோபம் இல்லை. கணக்கில் எங்கோ இடிக்கும்போது கேள்வியை மறுபடி படிப்பாரே, அந்தப் பார்வை. அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆங்கிலம் தெரிந்தவன் யார் என்று அதிகாரி கேட்டார். அண்ணன் ஆங்கிலத்தில் தேர்வு எழுதித் தேறியவர். ஆனால் பேச வராது. வரிசையில் இருந்தவர்கள் என்னை முன்னால் தள்ளினார்கள். டிரஸ்ஸர் மகன் நன்றாகப் பேசுவான் என்று பெருமையாக வேறு சொன்னார்கள். நான் போய் இருவருக்கும் நடுவில் நின்றேன்.

இது என்ன என்று அதிகாரி கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"என்னான்னு தெரியாது. சோதிச்சுப் பாக்கத்தான் எடுத்துட்டுப் போறேன்" என்றார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி சிரித்தார். யார் கொடுத்தது என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். பொட்டலத்தை நானே கட்டிக் கொடுத்துவிட்டு, யார் கொடுத்தது என்று நானே அவரிடம் கேட்டேன்.

"பெரட்டுக் களத்துல கெடந்துச்சு" என்றார். காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடம் அது. பிறகு, கேட்காமலேயே, "நம்பர் நான் எழுதுனது" என்றும் சொன்னார்.

மழை வருமா என்று கேட்டால்கூட வானம் கறுத்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிற மனிதர், என் கண்ணெதிரே மூன்று பொய்யை அடுத்தடுத்துச் சொன்னார். நான் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். இலக்கணப் பிழைகூட இல்லை. அதிகாரி எனக்கு நன்றி சொன்னார். அண்ணனை ஜீப்பில் ஏற்றினார்கள். என் லாரி வந்தது, நான் ஏறி டவுனுக்குப் போனேன்.

அப்பாவைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்று வெகு காலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் இல்லை. நான் வாய் திறந்தால் அப்பாவின் அலமாரியைத் திறப்பார்கள், வேலை போகும், சிறையும் உண்டு. ஆனால் அந்த ஜீப் புறப்பட்டபோது என் நினைப்பில் அப்பா இல்லை. தேர்வுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது என்பதுதான் இருந்தது.

விசாரணை என்று ஒன்றும் கிடையாது. அவசரகாலச் சட்டத்தில் பிடித்தால் பிடித்ததுதான். அந்த வாரமே லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி நிர்வாகத்திலிருந்து ஆள் வந்தது. அவர் அம்மா எங்கள் மருந்துக்கொட்டகைக்கு வந்து, துரையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று அப்பாவைக் கெஞ்சினார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். நான் பின்னறையில் புத்தகத்தோடு இருந்தேன். போகும்போது அந்த அம்மா கதவோரம் நின்று, "நல்லா எழுதுங்க தம்பி. அவனுக்குத்தான் எழுத முடியாமப் போச்சு" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

தேர்வு ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. என் மேசைக்கு அடுத்த மேசையில் அவருடைய எண்ணை ஒட்டியிருந்தார்கள். அணுக் கேள்வி வந்தது. விடையை எழுதிவிட்டு, நூற்றுத் தொண்ணூறு வருஷம் என்று எழுதப் போன கையை இழுத்துக்கொண்டேன். பொருள் கண்டுபிடிக்கும் கேள்வியும் வந்தது. அவர் வழியில் பெயர்களை வரிசையாக எழுதி அடித்துக்கொண்டே போனேன். இரண்டு மாதத்தில் எனக்குத்தான் இடம் என்று கடிதம் வந்தது. அம்மா பாயசம் வைத்தார். கேட்டு வாங்கி இரண்டு முறை சாப்பிட்டேன்.

அவரை இரண்டு வருஷம் தடுப்பு முகாமில் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அதற்குள் அப்பா ஓய்வு பெற்று அக்காள் வீட்டோடு ஈப்போவுக்குப் போய்விட்டார். நான் தஞ்சோங் கிளிங்கில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் வந்து நின்றார். குருபோங் பக்கம் உறவுக்காரர் ஒருவரின் தோட்டத்தில் அம்மாவோடு தங்கிப் புல் வெட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வாரம் ஒருமுறை போலீசில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். நான் முதலில் கவனித்தது அவர் விரல்களை. ஆசிட் படாமல் இரண்டு வருஷம் இருந்ததில் தோல் முழுக்க ஆறி, விரல்கள் பள்ளிப் பிள்ளையினுடையதுபோல் சுத்தமாக இருந்தன.

உட்கார்ந்ததும், "என்னா கேள்வி வந்துச்சு தம்பி?" என்று கேட்டார். இரண்டு வருஷமாக அதைக் கேட்கக் காத்திருந்தவர் போலக் கேட்டார். நான் ஞாபகத்திலிருந்து சொன்னேன். வெள்ளை உப்பு ஒன்று. தண்ணீரில் கரையும். சூடாக்கினால் பழுப்பு வாயு வரும், மஞ்சள் தூள் மிஞ்சும். கரைசலில் சமையல் உப்பைப் போட்டால் வெள்ளையாகப் படியும், அந்தப் படிவு வெந்நீரில் கரைந்துவிடும். வெள்ளி நைட்ரேட் என்று எழுதினேன் என்றேன்.

அவர் விரலால் தரையில் ஏதோ எழுதி அடித்தார். "வெந்நீர்ல கரைஞ்சா ஈயம்லா தம்பி. வெள்ளி கரையாது. மஞ்சத் தூளும் ஈயம்தான்" என்றார்.

சரிதான். இரண்டு வருஷமாகச் சோதனைச்சாலையில் இருந்த எனக்கு அது அன்றுவரை உறைக்கவில்லை. அந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டிருக்கிறேன். தப்பாக எழுதியும் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

வந்த காரியத்தை அதற்குப் பிறகுதான் சொன்னார். அந்தச் சோதனைச்சாலையில் மறுபடி ஒரு பயிற்சியாளை எடுக்கிறார்கள். வயது வரம்பு இருபத்தெட்டு. அந்த வருஷம்தான் அவருக்குக் கடைசி. மனுவோடு போலீசின் நன்னடத்தைத் தாள் வைக்க வேண்டும். அவருக்கு அது தர மாட்டார்கள், அந்தத் தூள் எப்படி வந்தது என்பது தெளியாதவரை.

"நாலு வரி எழுதிக் குடுத்தாப் போதும் தம்பி. படிப்புக்காக விளையாட்டாக் குடுத்தேன்னு. அப்பாவும் இப்ப உத்தியோகத்துல இல்ல. அதான் இவ்வளவு நாளு கேக்கல" என்றார்.

அப்பா ஓய்வு பெறும்வரை காத்திருந்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அந்த மாதம்தான் உத்தியோகம் நிரந்தரமாகிற மாதம். அதை அவரிடம் சொல்லவில்லை. எழுதித் தருகிறேன், அடுத்த ஞாயிறு வாருங்கள் என்றேன். அவர் போனதும் காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். நான் என்று எழுதினேன். மேலே ஓடவில்லை.

அடுத்த ஞாயிறு வந்தார். ஆபீஸில் வேலை அதிகம், எழுத நேரம் இல்லை என்றேன். பரவாயில்லை என்று டீ குடித்துவிட்டு, சோதனைச்சாலையில் ரப்பரை எப்படி எடை போடுகிறார்கள் என்று ஆசையாக விசாரித்துவிட்டுப் போனார். நான் விவரமாகச் சொன்னேன். அதற்கு எனக்கு நேரம் இருந்தது.

மூன்றாம் ஞாயிறு அவர் உள்ளே வரவில்லை. மனுவுக்குக் கடைசி நாள் அடுத்த வாரம். சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். நான் உட்காரச் சொன்னேன், வேண்டாம் என்றார். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அந்த வாரமும் நான் எழுதவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எதையும் சோதிக்காமல் சொல்லாதவர், என்னை மூன்று வாரம் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"நான் வந்து கேட்டதே தப்பு தம்பி. உங்களுக்கும் வேலைல பேர் கெட்டுப் போகும்ல. நான் யோசிக்கல. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. மன்னிச்சுடுங்க" என்றார்.

என் பதிலைக் கேட்காமல் போகக்கூடாது என்று நினைத்தவர்போல அங்கேயே நின்றார். அடுத்த வார்த்தை என்னுடையது. அந்த நிமிடம்கூட உள்ளே போய் நாலு வரி எழுதிக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கலாம். காகிதம் மேசைமேலேயே இருந்தது.

"பரவாயில்லண்ணே" என்றேன்.